பம்ப் வைத்தும் பைபாஸ், பம்ப் இல்லாமலும் பைபாஸ்: ரெண்டுக்கும் கூட இருந்தவனின் ரிவ்யூ

ஆஞ்சியோவில் மூணு அடைப்பு என்று வந்துவிட்டால் நம்ம பக்கத்தில் அடுத்த கேள்வி வடக்கே போவதா, தெற்கே போவதா என்பதுதான். கிருஷ்ணகிரிக்காரர் என்றால் யோசிக்காமல் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர். தருமபுரிக்காரர் என்றால் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம், அங்கே மனசு ஒப்பவில்லை என்றால் கோவை, வேலூர், சென்னை. தருமபுரியில் 2008-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022-ல் வந்துவிட்டது, இருந்தாலும் பைபாஸ் என்றால் நம் ஆட்கள் இன்னமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர்தான் கிளம்புகிறார்கள். எங்கள் குடும்பத்தில் ரெண்டு திசையும் போய் வந்தாயிற்று. என் மாமனாருக்குச் சேலத்தில், இதயத்தை நிறுத்தி மெஷினில் (தலைப்பில் சொன்ன பம்ப் இதுதான்) போட்டுச் செய்யும் வழக்கமான பைபாஸ். என் பெரியண்ணனுக்குப் பெங்களூரில், இதயம் துடிக்கத் துடிக்கவே தையல் போடும் பீட்டிங் ஹார்ட் பைபாஸ். ரெண்டுக்கும் அட்டெண்டர் நான்தான். ரெண்டு பேரும் நடமாடிக்கொண்டு, சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்கள், அதனால் நிதானமாக எழுதலாம்.

ஆஸ்பத்திரிகளின் பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், தவிர இந்த ரிவ்யூ ஆஸ்பத்திரியைப் பற்றியதை விட அந்த ரெண்டு முறைகளைப் பற்றியது.

முதலில் கவுன்சிலிங் ரூம். பெங்களூரில் டை கட்டிய ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார், நல்ல தமிழ் பேசினார், ஓசூர்ப் பையனாம். பேக்கேஜ் பேப்பரை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "பீட்டிங் ஹார்ட் சார், லேட்டஸ்ட் டெக்னிக், இப்ப யாரும் பழைய மாதிரி ஹார்ட்டை நிறுத்தறதில்லை" என்றார். கேட்டால் யாருக்கும் அந்தப் பக்கம்தான் மனசு சாயும். ஆனால் லேட்டஸ்ட் என்பது சுத்தப் பொய். ஹார்ட் லங் மெஷினை வைத்து ஜான் கிப்பன் முதல் வெற்றிகரமான ஆபரேஷன் செய்தது 1953-ல். 1964-லேயே லெனின்கிராடில் கோலெசோவ் என்ற சர்ஜன் மெஷின் இல்லாமல், துடிக்கிற இதயத்திலேயே நெஞ்சு ரத்தக்குழாயை இணைத்துக் காட்டிவிட்டார். காலிலிருந்து ரத்தக்குழாயை (நம்ம பேச்சில் நரம்பு) எடுத்து வைக்கும் பைபாஸை கிளீவ்லாந்தில் ஃபவலோரோ பிரபலமாக்கியது 1967-க்குப் பிறகு. நம் நாட்டில் முதல் பைபாஸ் 1975-ல், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே.எம். செரியன் செய்தது. நடுவில் மெஷின் முறை எங்கும் பரவி துடிக்கவிட்டுச் செய்வது ஓரமாகப் போனது, 1980-களில் அர்ஜென்டினாவின் பெனெட்டியும் பிரேசிலின் பஃபோலோவும் அதைத் திரும்ப எடுத்து வந்தார்கள். ஆக ரெண்டுமே பெரியண்ணன் பிறந்த காலத்துச் சமாசாரம்தான். அந்தத் தம்பி சொன்னதில் இன்னொன்றும் தப்பு: "இப்ப யாரும் நிறுத்தறதில்லை" என்பது இந்தியாவில் வேண்டுமானால் ஓரளவுக்கு உண்மை மாதிரி தெரியும், இங்கே பாதிக்கு மேல் துடிக்கவிட்டுத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் நிலைமை நேர் தலைகீழ், பெரும்பாலான பைபாஸ் இன்றைக்கும் மெஷினில்தான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? சேலத்து சர்ஜன் பேப்பரில் படம் போட்டே சொன்னார். நெஞ்சு எலும்பை நடுவில் பிளந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் முழு அளவு கொடுத்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் குழாய் வழியாக மெஷினுக்குத் திருப்பிவிடுகிறார்கள். மெஷின் அதில் ஆக்ஸிஜன் ஏற்றி, உடம்புக்குத் திருப்பி அனுப்புகிறது. அதைப் பார்த்துக்கொள்ள பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று தனி ஆள். அப்புறம் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் கிடுக்கி மாதிரி கிளாம்ப் போட்டு, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தை இதயத்துக்குள் விட்டதும் அது அப்படியே நின்றுவிடும். நின்ற இதயத்தில், அசைவே இல்லாத இடத்தில், ரத்தமும் வந்து மறைக்காத இடத்தில் சர்ஜன் தைக்கிறார். முடிந்ததும் கிளாம்ப்பை எடுத்தால் சூடான ரத்தம் உள்ளே போகும், பெரும்பாலும் இதயம் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும், அடம் பிடித்தால் ஒரு சின்ன ஷாக்.

பீட்டிங் ஹார்ட்டில் மெஷின் இணைப்பு கிடையாது, ஆனால் ஓரமாகத் தயாராக நிற்கும். இதயம் முழுசாக ஆடிக்கொண்டிருக்க, தைக்க வேண்டிய அந்தச் சின்ன இடத்தை மட்டும் ஸ்டெபிலைசர் என்ற கருவி உறிஞ்சிப் பிடித்து அசையாமல் வைக்கிறது. ரத்தக்குழாயை வெட்டித் திறந்ததும் ரத்தம் வழியுமே, அதற்கு உள்ளே ஷன்ட் என்று ஒரு பொடிக் குழாயைச் செருகுகிறார்கள், மேலே கார்பன் டை ஆக்ஸைடைத் தண்ணீர்த் துளியோடு ஊதி இடத்தைத் தெளிவாக வைக்கிறார்கள். ரத்தக்குழாயின் அகலம் ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர்தான். தைக்கிற நூல் தலைமுடி கனம். ஓடுகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. முன்பக்கத்து ரத்தக்குழாய் என்றால் பரவாயில்லை, பின்பக்கத்துக்குப் போக இதயத்தையே தூக்கிப் பிடிக்க வேண்டும், தூக்கினால் பிபி இறங்கும், அப்போது மயக்க டாக்டர்தான் ஹீரோ. டேபிளைச் சாய்ப்பது, மருந்தை ஏற்றுவது, சர்ஜனை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்வது எல்லாம் அவர் கையில். பைபாஸ் என்றால் எல்லோரும் சர்ஜன் பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொள்கிறோம், இந்த முறையில் தலைமாட்டில் நிற்பவரும் அதே அளவு முக்கியம்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்த பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். அண்ணி ஊரெல்லாம் போன் பண்ணி, "இவருக்கு நெஞ்சைப் பிளக்காம செய்யறாங்களாம்" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு அதில் வருத்தம் வேறு, தன் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் பழைய முறை என்று. உண்மையில் ரெண்டு பேர் நெஞ்சிலும் கழுத்துக்குக் கீழிருந்து மேல்வயிறு வரை ஒரே நீளக் கோடு. ரெண்டு பேருக்கும் எலும்பைச் சேர்த்துக் கட்டிய ஸ்டீல் கம்பி. ரெண்டு பேர் காலிலும் நரம்பு எடுத்த தழும்பு. நெஞ்சைப் பிளக்காமல் விலா எலும்புக்கு நடுவே சின்ன வெட்டுப் போட்டுச் செய்வது வேறு சமாசாரம், எல்லோருக்கும் அது ஒத்துவராது. பீட்டிங் ஹார்ட் என்றால் மெஷின் இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். கவுன்சிலிங் ரூமில் இதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை, நாமாகத் தப்பாகப் புரிந்துகொண்டால் அவர்களுக்கு நஷ்டமில்லையே.

அப்படியானால் எது உசத்தி? மெஷினில் போட்டால் ரத்தம் பிளாஸ்டிக்கில் உரசி உடம்பு முழுக்க ஒரு அழற்சி வரும், மகாதமனியில் கிளாம்ப் போடும்போது படிந்த சுண்ணாம்பு பெயர்ந்து மூளைக்குப் போகலாம், இதெல்லாம் இல்லாவிட்டால் நல்லதுதானே என்பது கணக்கு. கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்துப் பார்த்தபோது அந்தளவுக்கு வித்தியாசம் வரவில்லை. கனடாவிலிருந்து நடத்திய கரோனரி என்ற ஆய்வில் 19 நாடுகளில் 4,752 பேர், அதில் இந்திய நோயாளிகளும் உண்டு. அதில் சேர்ந்த சர்ஜன்கள் ரெண்டு முறையிலும் கைதேர்ந்தவர்கள். ஐந்து வருடம் கழித்து 2016-ல் கணக்குப் பார்த்தால், சாவு, பக்கவாதம், மாரடைப்பு, கிட்னி செயலிழப்பு, மறுபடி அடைப்பை எடுக்க வேண்டி வந்தது எல்லாம் சேர்த்து துடிக்கவிட்டவர்களில் 23.1 சதவீதம், நிறுத்திச் செய்தவர்களில் 23.6 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். முதல் மாதத்தில் மட்டும் பீட்டிங் ஹார்ட்டுக்குச் சில லாபம்: ரத்தம் ஏற்றுவது குறைவு, ரத்தக்கசிவுக்காகத் திரும்பத் திறப்பது குறைவு, கிட்னி, நுரையீரல் தொல்லை கொஞ்சம் குறைவு. நஷ்டம், சீக்கிரமே திரும்ப அடைப்பு வந்து மறுபடி ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்பட்டவர்கள் கொஞ்சம் கூடுதல்.

அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் நடந்த ரூபி ஆய்வு, 2,203 பேர், இன்னும் கசப்பான செய்தி சொன்னது. அங்கே பயிற்சியில் இருந்த டாக்டர்களும் கைவைத்தார்கள், பீட்டிங் ஹார்ட்டில் அனுபவம் குறைந்த சர்ஜன்களும் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வைத்த கிராஃப்ட்டுகளில் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போகத் தைத்து வைக்கிற மாற்று ரத்தக்குழாய்) திறந்திருந்தவை மெஷின் முறையில் 87.8 சதவீதம், துடிக்கவிட்டதில் 82.6. ஐந்து வருடத்துக்குள் இறந்தவர்கள் மெஷின் முறையில் 11.9 சதவீதம், துடிக்கவிட்டதில் 15.2. ஆரம்பித்த பிறகு முடியாமல் நடுவில் மெஷினுக்கு மாற்ற வேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு 12-க்கும் மேல். ஜெர்மனியில் 75 வயதைத் தாண்டியவர்களை மட்டும் வைத்து ஒரு ஆய்வு, 2013-ல் வந்தது, அதிலும் வயசானவர்களுக்குத் துடிக்கவிட்டுச் செய்வது தனி லாபம் என்று வரவில்லை. இதையெல்லாம் வைத்து எனக்குப் பட்டது ஒன்றுதான்: பீட்டிங் ஹார்ட்டில் கை ஓடினவர் செய்தால் அது சமம், கை ஓடாதவர் செய்தால் அது நஷ்டம். மெஷின் முறையில் அந்த அபாயம் குறைவு, ஏனென்றால் நின்ற இதயம் எல்லோருக்கும் ஒத்துழைக்கும்.

எங்கள் ஆட்கள் ரெண்டு பேருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்த காரணம் இதோடு பொருந்திப் போனதுதான் எனக்குத் திருப்தி. மாமாவுக்குப் பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம், ரொம்ப வருஷத்துச் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களின் ரத்தக்குழாய் ஒரு இடத்தில் அடைக்காமல் நீளத்துக்கும் சுருங்கிக் கிடக்கும். அவருக்கு அப்படித்தான், பின்பக்கத்திலும் தைக்க வேண்டியிருந்தது, இதயமும் வீங்கியிருந்தது. சேலத்து சர்ஜன் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: "இவருக்கு நிறுத்திச் செஞ்சாத்தான் நான் நிம்மதியா தைக்க முடியும்ங்க. அவசரப்பட்டு ரெண்டு கிராஃப்ட் போட்டு அனுப்பறதை விட, நேரம் எடுத்து நாலும் போடறேன்." இதைவிட நேர்மையாக ஒருத்தர் பேச முடியாது. அண்ணனுக்குச் சிக்கல் வேறு, கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ஏற்கெனவே கூடுதல், அடைப்புகள் முன்பக்கமாகவும் தைக்க வசதியான அகலத்திலும் இருந்தன. கிட்னியைப் பார்த்துத்தான் துடிக்கவிட்டுச் செய்தார்கள். மகாதமனி முழுக்கச் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு, கிளாம்ப் போடவே இடமில்லாதவர்களுக்கு, அதைத் தொடாமலே செய்ய முடியும் என்பதால் இந்த முறை நிஜமாகவே வரப்பிரசாதம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த டை கட்டிய தம்பி இது எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வர வைத்தது: "உள்ள போய்ப் பார்த்து பிபி நிக்கலைன்னா மெஷினுக்கு மாத்திடுவேன். அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து கேக்கறோம்." வீராப்புக்காகக் கடைசி வரை துடிக்கவிட்டே செய்வேன் என்று சொல்பவரிடம் நான் போக மாட்டேன்.

ஐசியுவில் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று நிறையப் பேர் கேட்டார்கள். அண்ணனுக்கு வெண்டிலேட்டரை அன்றைக்கு ராத்திரியே எடுத்துவிட்டார்கள், ரத்தம் ஏற்றவில்லை. மாமாவுக்கு மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள், ரத்தமும் ஏறியது, ஊரிலிருந்து டோனர் பையன்களை டெம்போவில் ஏற்றிவந்தோம். ஆனால் மாமாவுக்கு வயசும் கூடுதல், நோயும் கூடுதல், அதனால் இதை வைத்து முறையைத் தராசில் போடக் கூடாது. ஐசியுவில் ரெண்டாம் நாள் ராத்திரி மாமா நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, "பாலக்கோடு மண்டில பொட்டி என்ன வெலைக்குப் போச்சு?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் சளைக்காமல் "நாளைக்கு ஏறும்னு சொல்றாங்க தாத்தா, தூங்குங்க" என்றதாம். உடனே சொந்தக்காரர் ஒருவர், மெஷினில் போட்டால் மூளை மழுங்கிவிடும் என்று ஆரம்பித்துவிட்டார். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயசானவர்கள் ஐசியுவில் இப்படிக் குழம்புவது ரெண்டு முறையிலும் உண்டு, நீண்ட நாள் ஞாபகசக்தியில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஆய்வுகளில் தெரியவில்லை. வார்டுக்கு வந்த பிறகு மாமா பழையபடி வட்டிக் கணக்கை வாய்க்கணக்காகச் சொன்னார். அண்ணனுக்குத்தான் மூணாம் நாள் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடி மருந்து ஏற்ற வேண்டி வந்தது, பீட்டிங் ஹார்ட் என்பதால் அது வராமல் போய்விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மல்லாந்து படுப்பது, எழும்போது கையை ஊன்றாமல் இருப்பது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது, எலும்பு கூடும் வரை டூவீலர் கூடாது, தண்ணிக் குடம் தூக்கக் கூடாது. ரெண்டு பேரையும் அதிகம் படுத்தியது நெஞ்சு இல்லை, கால். நரம்பு எடுத்த இடம் வீங்கி, மரத்துப்போய், மாமாவுக்குச் சர்க்கரை வேறு என்பதால் கணுக்கால் பக்கம் தையல் லேசாக விட்டு நீர் கசிந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது கால் டிரெஸ்ஸிங்கை யார், எங்கே, எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தொப்பூர் தாண்டி ஒவ்வொரு தடவையும் போய் வர முடியாது.

ஆஸ்பத்திரி சேவையைப் பொறுத்தவரை சேலத்துக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். அட்டெண்டர் தங்குவதற்கு இடம் மகா மோசம், மாடிப்படிக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தோம், கொசு தின்றுவிட்டது. ஆனால் அந்தப் பிசியோ அம்மா! மூணு பந்து இருக்கிற மூச்சு மெஷினைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், மாமா மூணாவது பந்தை மேலே ஏற்றும் வரை பக்கத்திலேயே நின்றார். "ஊதாதீங்க ஐயா, உறிஞ்சுங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை, எல்லோரும் அதை ஊதத்தான் செய்கிறார்கள். பெங்களூரில் ரூம் பளபள, சாப்பாடு சுத்தம் (ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்ததும் அண்ணன் முகம் போன போக்கு வேறு கதை, கேப்பைக் களி தின்று வளர்ந்த வயிறு), ஆனால் அதே மூச்சு மெஷினைக் கவர் பிரிக்காமல் டேபிளில் வைத்துவிட்டுப் போனார்கள், பில்லில் மட்டும் அதற்கு ஒரு வரி இருந்தது. பேக்கேஜ் என்று சொன்னதற்கு வெளியே ஸ்டெபிலைசருக்குத் தனி, ஷன்ட்டுக்குத் தனி, மருந்துக்குத் தனி. மெஷின் முறையில் ஆக்ஸிஜனேட்டர், குழாய் செட் செலவு உண்டு, பீட்டிங் ஹார்ட்டில் அது மிச்சம், ஆனால் மிச்சமான காசு நம் கைக்கு வந்து சேராது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு இன்சூரன்ஸ் அப்ரூவல் வர பொழுது சாய்ந்துவிட்டது, பசியோடு வீல்சேரிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அதற்காகவே பில்லிங் கவுண்டருக்குப் பூஜ்ஜியம்.

மாமாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் பெரும்பகுதி முடிந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் வி.ஏ.ஓ. சான்று வாங்கி இன்றைக்கே பதிந்துவிடுங்கள், நெஞ்சு வலி வந்த பிறகு தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்பது எங்கள் மச்சானுக்கு வாய்த்த தண்டனை. பெங்களூர் போகிறவர்கள் அட்டை அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்னாடியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பிபி, சர்க்கரை மாத்திரையெல்லாம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது, 2021-ல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தையே தொடங்கினார்கள். மாத்திரையை விடக் கூடாது என்பதை ரெண்டு சர்ஜன்களும் ஒரே குரலில் சொன்னார்கள். நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்து வைக்கிற ரத்தக்குழாய் பத்து வருஷம் தாண்டியும் பெரும்பாலும் ஓடும், காலிலிருந்து எடுக்கிற நரம்பில் கணிசமானது அதற்குள் அடைத்துவிடும், பீடியை விடாவிட்டால் இன்னும் சீக்கிரம்.

ஆக, யாராவது என்னிடம் எந்த முறைக்குப் போகலாம் என்று கேட்டால் முறையைக் கேட்காதீர்கள், சர்ஜனிடம் மூணு விஷயம் கேளுங்கள் என்கிறேன். வாரத்தில் நீங்கள் அதிகம் செய்வது எது, எங்கள் ஆளுக்கு இது ஏன், நடுவில் மாற்ற வேண்டி வந்தால் மெஷினும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டும் அதே ரூமில் இருப்பார்களா. இதற்குச் சிடுசிடுக்காமல் பதில் சொல்பவர் எந்த ஊரில் இருந்தாலும் போகலாம். பீட்டிங் ஹார்ட் என்பதற்காக மட்டும் பேக்கேஜில் கூடுதலாகக் கேட்டால், தையல் போடுகிற கையைப் பற்றி முதலில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை கிராஃப்ட், எந்த ரத்தக்குழாய்க்கு, பம்ப் வைத்தா வைக்காமலா என்று எழுதியிருக்கும், அந்தத் தாளை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டு பீரோவிலும் ஒன்றை வண்டியிலும் போட்டு வையுங்கள். பின்னாடி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.